உக்ரைனியக் கவிதையை கொயருக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி: ‘ஸபொவித்’ வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

இது நான்கு பார்ட் (சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ்) பாடும் அமெச்சூர் கொயர்களுக்கும் அவற்றை நடத்துபவர்களுக்கும் எழுதியது. ஸ்டாஃப் நொட்டேஷனோ டோனிக் சோல்ஃபாவோ வாசிக்கத் தெரிந்தால் போதும். உக்ரைனிய மொழி ஒரு சொல்கூடத் தெரிய வேண்டாம். தமிழ் நன்றாகத் தெரிந்தால் அது எதிர்பாராத இடங்களில் கைகொடுக்கும், வேறு சில இடங்களில் காலை வாரும். இரண்டையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டாக எடுத்திருப்பது உக்ரைனியக் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோவின் ‘ஸபொவித்’ என்ற கவிதை. ‘உயில்’ அல்லது ‘இறுதி விருப்பம்’ என்று பொருள். இசை, பொல்தாவாவைச் சேர்ந்த ஹோர்தி ஹ்லாத்கி அமைத்தது. மெட்டு எளிது, கவிதை கடினம். அதனால்தான் முதல் பாடலாக இதையே எடுக்கச் சொல்கிறேன்.

பெரும்பாலான கொயர்கள் முதலில் ‘லா லா’ என்று நோட்டுகளைப் படித்துவிட்டு, கடைசி இரண்டு பிராக்டிஸில் சொற்களை ஒட்டவைக்கும். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் செய்தோம். நோட்டுகள் எல்லாம் சரியாக இருந்தன, பாட்டு இல்லை. இந்த வழிகாட்டியில் வரிசை தலைகீழ்: ஏழாம் படி வரை யாரும் பாடப்போவதில்லை.

1. சரியான ‘ஸபொவித்’தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த ஒரே கவிதைக்குப் பல இசையமைப்புகள் உண்டு. 1868இல் மட்டும் இரண்டு வந்தன. மிகோலா லிஸென்கோவினுடையது டெனர் சோலோவும் ஆண்கள் கொயரும் பாடுவது. மிஹைலோ வெர்பித்ஸ்கியினுடையது பாஸ் சோலோவுக்கும் இரண்டு கொயர்களுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதியது. இணையத்தில் பாட்டின் பெயரை மட்டும் தேடி, முதலில் கிடைத்ததை அச்சடித்து, பிராக்டிஸுக்கு வந்து விழித்த கண்டக்டர்களைப் பார்த்திருக்கிறேன். இசையமைத்தவர் பெயரையும் குரல் அமைப்பையும் சேர்த்தே தேடுங்கள்.

காப்புரிமையையும் இப்போதே பாருங்கள். இந்தியாவில் படைப்பாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். உக்ரைனிய இசையமைப்பாளர்களில் லிஸென்கோ 1912இலும் லியொந்தோவிச் 1921இலும் ஸ்தெத்ஸென்கோ 1922இலும் இறந்தவர்கள்; அவர்கள் இசைக்குத் தடையில்லை. போரிஸ் ல்யாதோஷின்ஸ்கி 1968இல் இறந்தார். ஷெவ்சென்கோ கவிதைகளுக்கு அவர் எழுதிய கோரஸ்களைப் பாட அனுமதியும் விலைகொடுத்து வாங்கிய பிரதியும் வேண்டும். மூல இசை பழையதாக இருந்தாலும், அதைப் பின்னாளில் வேறொருவர் நான்கு குரலுக்கு மாற்றி எழுதியிருந்தால் அந்த வடிவத்துக்குத் தனி உரிமை இருக்கலாம். பிரதியின் முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

2. ஸ்கோரில் உள்ள வரிகளைக் கவிதையோடு ஒப்பிடுங்கள்

கவிதையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்கோரில் உள்ள வரிகளைச் சொல் சொல்லாகச் சரிபாருங்கள். ஒரு மணி நேர வேலை. இதைத் தவிர்த்தால் பின்னால் மூன்று பிராக்டிஸ் போகும்.

காரணம், பிரதிகளில் மூன்று வகைச் சிக்கல் வரும். சோவியத் காலப் பதிப்புகள் சிலவற்றில் உக்ரைனிய வரிக்குக் கீழே ரஷ்ய மொழிபெயர்ப்பும் அச்சாகியிருக்கும். சோப்ரானோ மேல்வரியையும் ஆல்டோ கீழ்வரியையும் பாடிக்கொண்டிருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். அடுத்தது, சிலர் ஷெவ்சென்கோவின் பழைய வடிவங்களை இன்றைய இலக்கணத்துக்குத் ‘திருத்தி’விடுவார்கள். ‘உடைத்தெறியுங்கள்’ என்பதற்கு அவர் எழுதியது ‘பொர்வித்தெ’. இன்றைய வடிவம் ‘பொர்வித்’. ஓர் அசை குறையும், நோட்டு ஒன்று அநாதையாக நிற்கும்.

மூன்றாவது, கவிஞரே சுருக்கிய சொற்கள். ‘தெச்செ வொதா’ (தண்ணீர் ஓடுகிறது) என்று தொடங்கும் ஷெவ்சென்கோ கவிதையில் ‘ஷுக்கா கொஸாக்’ என்று வரும். அகராதியில் ‘ஷுக்கா’ இருக்காது. ‘ஷுக்காயெ’, அதாவது ‘தேடுகிறான்’ என்பதை யாப்புக்காக வெட்டியிருக்கிறார். இதை அச்சுப்பிழை என்று நினைத்து ஒருவர் ‘யெ’யை ஒட்டிப் பாடினால் அந்த வரியே நொண்டும்.

3. அசைகளை எண்ணுங்கள்

தாளைப் பார்த்துக் கைதட்டி எண்ணுங்கள். ‘ஸபொவித்’தின் முதல் வரி 8 அசை, இரண்டாவது 6, மூன்றாவது 8, நான்காவது 6. கவிதை முழுக்க 24 குறுவரிகள், எல்லாம் இதே கணக்கு. கொலொமீக்கா என்ற நாட்டுப்பாடலின் யாப்பு இது. ஷெவ்சென்கோ மிகவும் விரும்பிப் பயன்படுத்தியது. எட்டும் பெரும்பாலும் நாலு நாலாகப் பிரியும்.

எண்ணிக்கை தவறினால் தவறு உங்கள் உச்சரிப்பில்தான் இருக்கும். நான்காவது வரியைப் பாருங்கள்: ‘நா வ்க்ராயிநி மிலிய்’, ‘அன்பான உக்ரைனில்’ என்று பொருள். புதியவர்கள் ‘நா-உக்-ரா-யி-நி’ என்று படிப்பார்கள், ஆறு ஏழாகிவிடும். முன்சொல் உயிரில் முடிந்தால் அடுத்த சொல்லின் தொடக்க ‘உ’ பல இடங்களில் அரை ‘வ்’வாகச் சுருங்கி முன்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். நாவ்-க்ரா-யி-நி-மி-லிய். ஆறு. நமக்குப் புணர்ச்சி புதிதல்ல. எங்கள் கொயரில் ‘இது குற்றியலுகரத்தின் அண்ணன் மாதிரி’ என்று சொன்ன அன்றைக்கே பிரச்சினை தீர்ந்தது.

எல்லாக் கவிதையும் இந்தக் கணக்கில் வராது. ‘ஸதோக் விஷ்நெவிய் கொலொ ஃஹாத்தி’ (வீட்டருகே செர்ரித் தோட்டம்) 9 அசை. ஆக, 8-6 என்று மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு கவிதையையும் தனியாக எண்ணுங்கள்.

4. தமிழில் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் விதிகளோடு

ஆங்கில எழுத்தில் எழுதிய பிரதியை வைத்துப் பாடுவதுதான் தமிழ் கொயர்கள் செய்யும் முதல் தவறு. ஆங்கில ‘டி’யைப் பார்த்ததும் நம் நாக்கு தானாக மேலண்ணத்துக்குப் போய் ‘ட்’ போடும். உக்ரைனியத்தில் அது ‘த்’. பல்லில் பட வேண்டும். நம் ‘த’வும் ‘ந’வும் உதட்டை லேசாக மட்டும் தொடும் ‘வ’வும் அப்படியே அங்கே இருக்கின்றன. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் பழகுவது நமக்கு இலவசம். அதை ஆங்கில எழுத்துக்குக் கொடுத்து இழக்காதீர்கள்.

ஆனால் தமிழில் எழுதும்போது வரும் ஆபத்து வேறு. சொல்லின் நடுவில் ஒற்றையாக வரும் வல்லினத்தை நாம் மென்மையாக்கிவிடுவோம். ‘செய்து’ என்பதில் ‘து’ எப்படி ஒலிக்கிறது? ‘பொஃஹொவாய்தெ’ (புதையுங்கள்) என்று எழுதிக்கொடுத்தால் அதே பழக்கத்தில் குரல் கொடுத்து இளக்கிவிடுவார்கள். ‘ஸ்தெபு’வில் ‘பு’ ‘அம்பு’வின் ‘பு’ ஆகும். ‘ஷிரொகொஹொ’வில் இரண்டு எழுத்தும் ‘ஹ’ ஆகிவிடும். ஆகவே நாங்கள் வைத்துக்கொண்ட விதிகள்:

வல்லினம் வன்மையாகவே ஒலிக்க வேண்டிய இடத்தில் இரட்டித்து எழுதுங்கள்: பொஃஹொவாய்த்தெ, ஸ்தெப்பு, ஷிரொக்கொஹொ. இரட்டிப்பது கண்ணுக்கு மட்டும். பாடும்போது அழுத்தி நிற்கக் கூடாது.

மென்மையாக, ‘தங்கம்’, ‘பந்து’, ‘அம்பு’ ஆகியவற்றில் வருவதுபோல் ஒலிக்க வேண்டிய எழுத்துக்கு அடிக்கோடு போடுங்கள். சொல்லின் கடைசியிலும் அந்த மென்மை போகாது. ‘ஸெரெத்’ (நடுவில்) என்பதன் ‘த்’துக்கு அடிக்கோடு வேண்டும்.

எல்லாவற்றையும் குறிலில் எழுதுங்கள். ‘மெநே’ என்று நெடிலில் எழுதினால் பாடகரின் கண் அதை நீட்டச் சொல்லும். எவ்வளவு நீட்டுவது என்பது நோட்டின் வேலை. ‘ஆ’வுக்குக் குறில் போட்டால் சொல்லே மங்கிவிடுகிறது என்பதால் அதை மட்டும் விதிவிலக்காக விட்டிருக்கிறோம்.

சொல் மெய்யில் முடிந்தால் அங்கே ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். கோடு இல்லாவிட்டால் ‘கொஸாக்’ ‘கொஸாக்கு’ ஆகிவிடும். பாங்கு, கேக்கு என்று பழகிய வாய். குற்றம் சொல்லிப் பயனில்லை, கோடுதான் வழி.

முதல் நான்கு வரிகள் எங்கள் தாளில் இப்படி இருந்தன, அடிக்கோடும் செங்குத்துக் கோடும் நீங்கலாக:

யாக் உம்ரு, தொ பொஃஹொவாய்த்தெ
மெநெ நா மொஹிலி,
ஸெரெத் ஸ்தெப்பு ஷிரொக்கொஹொ,
நாவ்க்ராயிநி மிலிய்.

5. நான்கு ஒலிகளுக்கு ஒரு முழு பிராக்டிஸ் கொடுங்கள்

‘மொஹிலி’யின் ‘ஹி’: முழங்கை மடக்கியதுபோல் இருக்கும் இந்த உக்ரைனிய எழுத்தை ரஷ்யப் பழக்கத்தில் ‘க’ என்று படிக்கக் கூடாது. ‘மகன்’ என்று வேகமாகச் சொல்லுங்கள். நடுவில் வருகிற குரலோடு கூடிய மூச்சு கிட்டத்தட்ட அதுதான்.

‘பொஃஹொவாய்த்தெ’யின் ‘ஃஹ’: இது வேறு ஒலி, குரல் இல்லாத உரசல். பள்ளியில் ‘அஃது’ என்று வாசிக்கவைத்தபோது தொண்டையில் உரசியதே, அதுதான். ‘ஃப’ என்ற பழக்கத்தில் உதட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கோள் குறிபோல் சொல்லின் நடுவில் நிற்கும் ஒரு குறி: ‘க்ரொவ்-யு’, ‘பொம்-யாநுத்தி’. முன்னால் உள்ள மெய்யைக் கெட்டியாக முடித்துவிட்டு ‘ய’வைத் தனியாகத் தொடங்கு என்று அர்த்தம். இரண்டையும் குழைத்தால் சொல் கரைந்துவிடும்.

இனி நான்காவது, மற்ற மூன்றையும்விட முக்கியமானது. உக்ரைனியத்தில் இரண்டு ‘இ’ இருக்கின்றன. ஒன்று நம் ‘இ’ போலவே பளிச்சென்று இருக்கும். இன்னொன்று ‘இ’க்கும் ‘எ’க்கும் நடுவில், தாடை கொஞ்சம் தளர்ந்து வரும். ‘மிலிய்’ என்ற ஒரே சொல்லில் இரண்டும் உண்டு: முதலாவது தளர்ந்தது, இரண்டாவது பளிச். தளர்ந்த ‘இ’ வரும் எழுத்தின் தலையில் ஒரு பொட்டு வையுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கவிதையின் கடைசி வரி ‘நெஸ்லிம் தீஃஹிம் ஸ்லொவொம்’. (‘தீ’ என்று நெடிலில் எழுதியது நான் செய்த விதிமீறல், நாங்கள் பாடியபோதும் அந்த இடத்தில் இழுத்தார்கள்.) ‘கடுகடுப்பில்லாத, மெல்லிய ஒரு சொல்லால்’ என்று பொருள். அதில் வரும் மூன்று ‘இ’யும் தளர்ந்த ‘இ’. அதைப் பளிச்சென்று பாடிப் பாருங்கள்: உதடு இரண்டு பக்கமும் இழுபட்டு, கொயர் முழுவதும் சிரிப்பதுபோல் ஆகும், ஒலி கூர்மையாகும், மெல்லிய சொல் அங்கே இருக்காது. தளர்த்திப் பாடினால் குரல் தானாக இறங்கி ‘ஸ்லொவொம்’ என்ற இரண்டு ‘ஒ’வுக்கும் படிபோல் சேரும். மெதுவாகப் பாடுங்கள் என்று கண்டக்டர் கையை அமுக்கிக் காட்டவே வேண்டாம்; ஷெவ்சென்கோ உயிரெழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்.

ரக்மானினோவ் போன்ற ரஷ்ய இசையைப் பாடிப் பழகிய கொயர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரஷ்யத்தில் அழுத்தம் விழாத ‘ஒ’ ‘அ’வாக மாறும். உக்ரைனியத்தில் மாறாது. ‘வொதா’ ‘வொதா’தான், ‘வதா’ இல்லை.

6. அழுத்தத்துக்கு வட்டம் போட்டு, பொருளோடு பேசுங்கள்

உக்ரைனியச் சொல்லில் ஓர் அசை மட்டும் அழுத்தம் பெறும். எது என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அகராதியில் பார்த்து வட்டமிடுங்கள். மெநெ: இரண்டாவது அசை. மொஹிலி: நடுவில் உள்ள ‘ஹி’. ஷிரொக்கொஹொ: ‘ரொ’.

இப்போது பொருள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழ்ச் சொல் எழுதுங்கள். முழு வரிக்கு அழகான மொழிபெயர்ப்பு இந்தக் கட்டத்தில் வேண்டாம். எந்தச் சொல்லில் கனம் வைப்பது என்று பாடகருக்குத் தெரிய வேண்டும், அதுதான் நோக்கம். ‘மொஹிலா’வுக்கு அகராதி ‘கல்லறை’ என்று சொல்லும். இங்கே அது ஸ்தெப் புல்வெளியில் தூரத்திலிருந்தே தெரியும் பழங்கால ஈமத்திட்டு. மேட்டின் மேல் புதையுங்கள், அங்கிருந்து விரிந்த வயல்களும் த்நிப்ரோ ஆறும் அதன் செங்குத்துக் கரைகளும் தெரிய வேண்டும் என்கிறார். கல்லறை என்று நினைத்துப் பாடுகிறவர் தலையைக் குனிவார், திட்டு என்று நினைத்துப் பாடுகிறவர் நிமிர்வார். ஒலியில் இந்த வேறுபாடு கேட்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: இதை எழுதிய 1845 டிசம்பரில் ஷெவ்சென்கோவுக்கு வயது 31. உடம்பு சரியில்லாமல் கிடந்தார் என்றாலும், இது கிழவரின் முனகல் இல்லை. ‘எழுந்திருங்கள், விலங்கை உடையுங்கள்’ என்று கட்டளையிடுகிற கவிதை. ஒப்பாரி வேகத்தில் இழுக்காதீர்கள்.

அப்புறம், நோட்டின் தாளத்தில் பேசிப் பழகுங்கள். சுருதி வேண்டாம், தாளம் மட்டும். நான்கு பார்ட்டும் சேர்ந்து ஒரே குரலாகப் பேச வேண்டும். இசையின் முதல் அடி விழும் இடமும் சொல்லின் அழுத்தமும் மோதும் இடங்கள் இப்போது தெரியவரும். அங்கே சொல்லுக்கு விட்டுக்கொடுங்கள்: தாளத்தை மாற்றாமல், அழுத்தமில்லாத அசையை லேசாக விட்டால் போதும்.

7. இப்போது பாடுங்கள்: முதலில் வெளிக்குரல்கள்

சோப்ரானோவும் பாஸும் சேர்ந்து முதலில். மெட்டும் அடித்தளமும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டால், பின்னால் வரும் ஆல்டோவும் டெனரும் எங்கே உட்காருவது என்று தேட வேண்டியதில்லை. நான்கு பார்ட்டையும் நான்கு அறைக்கு அனுப்பித் தனித்தனியாகப் படிக்கவைக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம். இந்த இசைக்கு அது சரிப்படாது. கோர்டின் நிறத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

கீபோர்டை வாக்கியத்தின் தொடக்கத்தில் மட்டும் தொடுங்கள். துணையின்றிப் பாடும்போது சுருதி இறங்கும். இறங்கட்டும், எங்கே இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் ‘ஷிரொக்கொஹொ’வில் வரிசையாக வரும் மூன்று ‘ஒ’வில்தான் இறங்கியது. ஒவ்வொரு ‘ஒ’வும் முந்தையதைவிடக் கொஞ்சம் சோம்பலாக வந்தது. மூன்றாவதை முதலாவதைவிட உயரமாக நினைத்துப் பாடச் சொன்னோம், சரியாயிற்று.

8. மூச்சை வரிக்கு இல்லாமல் வாக்கியத்துக்கு வையுங்கள்

எட்டு அசை முடிந்ததும் எல்லோருக்கும் மூச்சு எடுக்கத் தோன்றும். முதல் வரியிலேயே எடுத்தால் ‘நான் இறந்தால் புதையுங்கள்’ (மூச்சு) ‘என்னை மேட்டின் மேல்’ என்று உடைந்துவிடும். ‘மொஹிலி’க்குப் பிறகு ஒரு கால்புள்ளி இருக்கிறது, அதுவரை போங்கள். முடியாதவர்கள் பக்கத்தில் இருப்பவர் பாடிக்கொண்டிருக்கும்போது, சொல்லின் நடுவில் நீண்ட உயிரில் திருட்டுத்தனமாக எடுக்கட்டும். சொல் முடிகிற இடத்தில் எடுத்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் எடுப்பார்கள், ஓட்டை தெரியும்.

இரண்டாம் பத்தியில் இதற்கு நேரெதிர். ‘க்ரொவ் வொரொஷு’ (பகைவரின் குருதியை) என்ற நான்காவது அசையில் மூன்று புள்ளி வைத்து வாக்கியத்தை நிறுத்துகிறார் கவிஞர். ‘மொலித்திஸ்யா’ (தொழுவதற்கு) என்ற இடத்திலும் அதே நான்காவது அசையில் மூன்று புள்ளி. மெட்டு பத்திக்குப் பத்தி ஒன்றே என்பதால் இந்த நிறுத்தம் இசையில் எழுதப்பட்டிருக்காது. மூச்சு எடுக்க வேண்டாம், ஒலியை ஒரு கணம் தூக்கி விட்டு அடுத்த நான்கு அசைகளை வேறு நிறத்தில் தொடங்குங்கள். இதை ஸ்கோரில் பென்சிலால் குறிக்காத பாடகர் மேடையில் கண்டிப்பாக மறப்பார்.

9. சத்தத்தின் கணக்கு

மூன்றாம் பத்தியின் ‘விலங்கை உடையுங்கள்’ வந்ததும் கொயர் கத்தத் தொடங்கி, அதே சத்தத்தில் முடிவு வரை போய்விடும். முதல் நான்கு வரிகளுக்குத்தான் அந்தச் சத்தம். அடுத்த நான்கும் ஒரு வேண்டுகோள்: புதிய, சுதந்திரமான அந்தப் பெரிய குடும்பத்தில் என்னையும் நினைவுகூருங்கள் என்பது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மௌனம் தேவை. எவ்வளவு என்று கேட்டால், முன் பகுதியின் எதிரொலி அரங்கில் அடங்கும் வரை. கடைசி ‘வொம்’மில் ‘ஒ’வை நீட்டிவிட்டு, உதட்டை எல்லோரும் கண்டக்டரின் கையோடு சேர்த்து மூடுங்கள். முன்கூட்டியே மூடினால் மூக்கால் முனகுவதுபோல் கேட்கும்.

10. மேடைக்குப் போகும் முன்

உக்ரைனியக் கொயர் பாடிய இரண்டு பதிவுகளையாவது இப்போது கேளுங்கள். கீவ் நகரின் ‘தும்கா’ கொயர் நல்ல தொடக்கம். முதல் நாளே கேட்கக் கூடாதா என்பார்கள். கேட்டால் அவர்களுடைய குரலை நகலெடுப்பீர்கள், வரிகளைப் படிக்க மாட்டீர்கள். இப்போது கேட்டால் உங்கள் தாளில் தவறாகப் போட்ட வட்டங்கள் தெரியும்.

நிகழ்ச்சித் தாளில் கவிஞர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் இரண்டும் இருக்கட்டும், முதல் பத்திக்காவது தமிழ்ப் பொருள் இருக்கட்டும். அரங்கில் உக்ரைனியர்கள் இருந்தால், அறிவித்த உடனே அல்லது முதல் வரியிலேயே எழுந்து நிற்பார்கள். ‘ஸபொவித்’துக்கு அது வழக்கம். எங்கள் டெனர் ஒருவர் அவர்கள் எழுந்து போகிறார்கள் என்று நினைத்து முதல் நுழைவையே விட்டுவிட்டார். கொயருக்கு முன்பே சொல்லி வையுங்கள். அறிவிப்பு முடிந்ததும் நாற்காலிகளின் சத்தம் அடங்கும் வரை கண்டக்டர் கையைத் தூக்காமல் இருந்தால் போதும்.